வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் எழுதக் கற்றோர்

இறையியல் இளநிலைப் பட்டத்தை ஆங்கிலத்தில் பயிலும் நம் மாணவர் பலருக்கு, எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் விட மிகுந்த அச்சம் தருவது ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பணியே. திருமறைப் பகுதியொன்றைத் தமிழில் நன்றாக விளக்கிப் பிரசங்கிக்க வல்ல இளைஞர், அதே பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால், நூல்களிலிருந்து வாக்கியங்களைப் பெயர்த்தெடுத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார். இதை வஞ்சனை என்று நாம் கடிந்துகொள்ளுகிறோம். பெரும்பாலும் இது வஞ்சனையன்று. தன் சொந்த வாக்கியம் பிழையாய் இருக்குமோ என்னும் நடுக்கமே. இவ்விடர்ப்பாடு நம் நாட்களில் தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் தமிழ் மாணவர் இதைச் சந்தித்தனர். அவர்களுக்கு நேர்ந்ததை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க மிஷனெரிமார் 1816ஆம் ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அதன் திட்ட அறிக்கை, மாணவருக்கு ஆங்கிலத்தைத் தெளிவாகக் கற்பித்தலை முதல் நோக்கமாகக் கூறியது. தமிழ் இலக்கியப் பயிற்சியையும், தேர்ந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதத்தையும், அறிவியலையும் அதனோடு இணைத்தது. 1820இல் அச்சுத் தொழில் அறிந்து வந்த ஜேம்ஸ் காரெட் என்பாரைத் தீவை விட்டு வெளியேற்றிய ஆங்கில அரசு, இந்நிலையத்தையும் ஐயக் கண்ணோடு நோக்கிற்று. ‘கல்லூரி’ என்னும் பெயர் வாய்க்கவில்லை. ‘செமினரி’ என்பதே நிலைத்தது. முதல் அதிபர் தானியேல் பூவர், டார்ட்மத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் பயின்றவர். கட்டுரை எழுதுதலும் சபையில் உரையாற்றுதலும் அக்கால அமெரிக்கக் கல்லூரிகளின் அன்றாடப் பயிற்சிகளாகும்.

அங்கு வந்த மாணவர் வெறுங்கையராய் வந்தாரல்லர். நிகண்டும் நன்னூலும் மனனம் செய்த மரபு அவர்களுக்குப் பின் இருந்தது. தடை எழுப்பி விடை கூறும் முறை நம் உரையாசிரியர்களுக்குக் கைவந்த கலை. 1785இல் மறைந்த சிவஞான முனிவரின் மறுப்பு நூல்களைப் படித்தோர், தமிழருக்கு வாதிடத் தெரியாது என ஒருபோதும் கூறார். ஆனால் உரையாசிரியர் பிறிதொருவர் நூலின் நிழலில் நின்று பேசுகிறார். மூலநூலே அவருக்கு வரிசையைத் தருகிறது. செமினரி மாணவனோ தன் கருத்தை முதலில் நிறுத்தி, சான்றுகளைத் தானே தெரிந்து, தானே வரிசைப்படுத்தி, முடிவுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அவனுக்குக் கடினமாயிருந்தது இலக்கணமன்று, இப்பொறுப்பே என நாம் கருதுகிறோம். இன்றும் அப்படியே. வேற்றுமொழியின் முன்னிடைச் சொற்களைத் திருத்துவதில் ஆசிரியர் செலவிடும் சிவப்பு மையில் பாதியையாவது, ‘இதை நீர் எங்ஙனம் அறிந்தீர்?’ என்று ஓரத்தில் எழுதுவதில் செலவிடலாம்.

1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் பற்றிப் பூவரின் கணிப்பும், பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் மாறுபட்டன. வானமே தீர்ப்பு வழங்கட்டும் என்று பூவர் காத்திருந்தார். அவர் கணிப்பே பொருந்திற்று. இந்நிகழ்ச்சியைச் சுவிசேஷத்தின் வெற்றியாக மிஷன் எழுத்துகள் கொண்டாடியது சற்று மிகைதான். கிரகணக் கணக்கு நற்செய்தியாகாது. எனினும், கூற்றொன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இப்பயிற்சி அச்சேறிய இடம் ‘உதயதாரகை’. 1841 ஜனவரியில் தொடங்கிய இவ்விதழ், மாதம் இருமுறை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. இருவரும் செமினரியில் பயின்ற தமிழரே. மாணவர் ஒருவரின் செலவைத் தாங்கும் அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அவருக்கு இடுவது அக்கால வழக்கம். பிறர் மொழியில், பிறர் இட்ட பெயரோடு எழுதப் பழகினர் என்பது எண்ணுதற்குரியது. ஆனால் எழுதியது அவர்களே. கல்வி, அறிவியல், வேளாண்மை, சமயம், நாட்டுச் செய்திகள் ஆகியவை அதில் வந்தன. சைவர் எழுதிய மறுப்புக் கடிதங்களும் இடம்பெற்றன. இருமொழி இதழில் எழுதுவோர்க்கு ஒரு தண்டனையும் ஒரு நன்மையும் உண்டு: ஆங்கிலத்தில் பெருஞ்சொற்களால் மூடி மறைத்த வெறுமை, பக்கத்திலேயே தமிழில் வரும்போது வெளிப்பட்டுவிடும்.

செமினரியின் புகழ் வளர்ந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், தம் 1850ஆம் ஆண்டு நூலில் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகராக வைத்துப் பேசினார். ஆனால் 1854-55இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர், ஊர்ச் சபைகளுக்குப் போதகர் கிடைப்பதில்லை, போதகரைத் தாய்மொழியிலேயே பயிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1855இல் செமினரி மூடப்பட்டது. தன் கால்களில் நிற்கும் திருச்சபையைக் கனவு கண்ட ஆண்டர்சனை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தாய்மொழி இறையியலுக்காக இன்று நாம் கூறும் நியாயங்கள் பல அவர் கூறியவையே. ஆயினும் அம்முடிவைச் செய்தவர் கடல் கடந்து வந்தவர். கற்றுக்கொண்டிருந்த தமிழர் அல்லர்.

முடிவு எத்துணை அவசரமானது என்பதை அடுத்த ஈராண்டுகள் காட்டின. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் மூடப்பட்ட செமினரியின் மாணவர்கள். செமினரி மூடப்பட்ட அதே 1855இல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ தமிழில் வெளியாயிற்று. ஆங்கிலம் கற்றவன் தமிழை மறப்பான் என்ற அச்சத்துக்கு இந்நூல் ஒன்றே விடையாகும்.

தாமோதரம்பிள்ளை சைவர் என்பதை மறைப்பதில் பயனில்லை. 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அப்பதிப்புகளுக்கு அவர் எழுதிய முன்னுரைகளைப் படியுங்கள். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, காலத்தை ஆராய்ந்து, மாற்றாரின் எதிர்வாதத்தை எடுத்துரைத்து மறுத்துச் செல்லும் அவ்வுரைநடையில், உரையாசிரியரின் தடைவிடையும் வட்டுக்கோட்டையின் கட்டுரைப் பயிற்சியும் கலந்து நிற்கக் காண்கிறோம். கற்பிட்டியில் பிறந்த கத்தோலிக்கர் சைமன் காசிச்செட்டி, 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். செமினரியில் பயின்ற ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அவ்வழியைப் பின்பற்றி 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகத்தை’ மேலும் விரிவாகத் தமிழில் தந்தார். ஆங்கிலத்தில் இட்ட விதை தமிழில் முளைத்தது.

எதிர்த்திசைப் பயணமும் இருந்தது. பூவருக்குப்பின் செமினரி அதிபரான ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளியிட்டார். ஆசிரியரும் மற்றொரு மொழியின் மாணவராயிருந்த பள்ளியில், பிழைபட எழுதுவது மாணவனுக்கு அத்துணை வெட்கமாயிருந்திராது. நம் கல்லூரிகளில் இன்று அந்நிலை அரிது.

தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரைப் பூண்டார். பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியில் கற்பித்தார். 1921இல் ஜி. இ. பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து, தேவார திருவாசகப் பாடல்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, முன்னுரைகளோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார். இறையியல் கற்க வந்தோர் கையில் அடியார் பாடல்களைக் கொடுத்த அந்நூல், அளவில் சிறியது. நம் நூலகங்களில் இருக்குமாயின், ஆங்கிலக் கட்டுரைக்குப் பொருள் தேடும் மாணவர் முதலில் அதை எடுத்துப் பார்க்கலாம்.