உஸ்மானியாவின் நெடுநோக்கு: முப்பது ஆண்டு முயற்சியும் அதன் முடிவும்

1917 ஏப்ரலில் ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஓர் ஆணை பிறப்பித்தார். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி ஆங்கிலத்தின் வழியே நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐதராபாத்தில் அமையவிருந்த புதிய பல்கலைக்கழகமோ உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொள்ளும். ஆங்கிலத்தைக் கட்டாய மொழிப்பாடமாகக் கற்பிக்கும். அறிவியல் துறைகளில் ஆராய்ச்சியை வளர்க்கும் என்று அவ்வாணை கூறியது. அயல்மொழிக் கல்வி மாணவரின் சிந்தனையைவிட நினைவாற்றலின் மீதே சுமையை ஏற்றுகிறது என்பது, இத்திட்டத்தை முன்வைத்த அக்பர் ஹைதரியின் வாதமாக இருந்தது.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் சிறப்பு இக்குறிக்கோளில் மட்டும் இல்லை. அதை நோக்கி நடந்த முறையிலும் இருக்கிறது. வகுப்புகள் தொடங்கியது 1919-இல். மொழிபெயர்ப்புத் துறையான தாருல் தர்ஜுமா 1917-லேயே நிறுவப்பட்டுவிட்டது. அதன் முதல் தலைவர் மௌல்வி அப்துல் ஹக். பாடநூல் இன்றி வகுப்பு இல்லை, கலைச்சொல் இன்றிப் பாடநூல் இல்லை என்ற தெளிவு அன்றைய திட்டத்தில் இருந்தது. வரலாறு, மெய்யியல், கணிதம், இயற்பியல், வேதியியல் எனத் தொடங்கிப் பின்னர் மருத்துவம், பொறியியல் வரை நூற்றுக்கணக்கான நூல்கள் உருதுவுக்கு வந்தன. கலைச்சொற்களை முடிவு செய்த குழுக்களில் துறை அறிஞர்களும் மொழி அறிஞர்களும் ஒன்றாக அமர்ந்தனர்.

அக்குழுக்களில் எழுந்த விவாதம் மொழியியல் மாணவர்கள் அறியவேண்டிய ஒன்று. புதிய சொற்களை அரபு வேர்களிலிருந்தே ஆக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். உருது மொழி முன்னொட்டு, பின்னொட்டு, தொகைச்சொல் ஆகியவற்றால் சொல் வளர்க்கும் இயல்புடையது. எனவே அவ்வியல்பின்படியே சொல்லாக்கம் நிகழவேண்டும் என்றார் வஹீதுத்தீன் சலீம். வெப்பமானிக்கு ‘மிக்யாஸ்-உல்-ஹராரத்’ என்ற அரபுத் தொடரையும் ஆளலாம். ‘அளப்பது’ எனப் பொருள்தரும் பாரசீக ஒட்டைச் சேர்த்து ‘ஹராரத்-பைமா’ என்றும் அமைக்கலாம். பின்னது ஒரு வாய்பாடு. அதே ஒட்டைக் கொண்டு வேறு அளவுகருவிகளுக்கும் பெயரிட முடியும். சலீமின் ‘வஸ்ஏ இஸ்திலாஹாத்’ என்ற சொல்லாக்க நூல் 1921-இல் வெளிவந்தது. வடமொழியா, தனித்தமிழா என்று தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் நிகழ்ந்த வாதங்களை அறிந்தவர்க்கு இதன் உள்ளுறை எளிதில் விளங்கும்.

1939-இல் திறக்கப்பட்ட கலைக்கல்லூரிக் கட்டடம் இன்றும் பல்கலைக்கழகத்தின் முகமாக நிற்கிறது. அதற்குள் மருத்துவமும் பொறியியலும்கூட ஓர் இந்திய மொழியில் கற்பிக்கப்பட்டுவந்தன. தான் வகுத்த அளவுகோலின்படி அப்பல்கலைக்கழகம் வெற்றி பெற்றதென்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்த அளவுகோலே குறையுடையது. ஐதராபாத் அரசின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெலுங்கர். ஏறத்தாழக் கால்பங்கினர் மராத்தியர். கன்னடம் பேசுவோரும் கணிசமாக இருந்தனர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்கினரைச் சற்றே விஞ்சியிருக்கலாம். உருது அரசின் ஆட்சிமொழி. பெரும்பான்மையோரின் வீட்டுமொழி அன்று. ‘தாய்மொழிவழிக் கல்வி’ என்ற வாதத்தின் பயன் தெலுங்கு பேசும் உழவர் வீட்டுப் பிள்ளையை எட்டவில்லை. அப்பிள்ளைக்கு ஆங்கிலத்தைப் போல உருதுவும் கற்றுப்பெறவேண்டிய மொழியே. 1930-இல் ஜோகிப்பேட்டையில் சுரவரம் பிரதாபரெட்டி தலைமையில் முதன்முறை கூடிய ஆந்திர மகாசபை, தாய்மொழிக் கல்வியைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டதன் பின்னணி இதுவே.

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அதையடுத்து உஸ்மானியாவின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. முப்பது ஆண்டுகளில் திரண்ட நூல்களும் சொற்களும் வகுப்பறையை இழந்தன. பாடநூலின் உயிர் அதைப் படிக்கும் மாணவரிடம் இருக்கிறது. மறுபதிப்பும் திருத்தமும் நின்றபின் அறிவியல் நூல் விரைவில் பழையதாகிவிடும். உருதுவழி உயர்கல்விக்கென மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் அதே நகரில் அமைந்தது 1998-இல். இடைவெளி ஐம்பது ஆண்டுகள்.

உருதுவில் அறிவியல் கற்பிக்க இயலாததால் உஸ்மானியாவின் திட்டம் வீழ்ந்தது என்று கூறுவதற்கு இடமில்லை. கற்பித்துக்காட்டிய முப்பது ஆண்டுகள் அதற்குச் சான்று. அம்மொழியைத் தாங்கிநின்றது பெரும்பாலும் அரசவையின் ஆதரவு. அரசவை மறைந்தபோது அதை மீட்கப் பரந்த மக்கள்திரள் முன்வரவில்லை. வெற்றிக்கு வழிவகுத்ததும் முடிவுக்கு வித்திட்டதும் ஒரே காரணம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்திய மொழிகளில் உயர்கல்வி பற்றி மீண்டும் பேசுகிறது. மொழிபெயர்த்த நூல்களின் எண்ணிக்கையே இத்தகைய திட்டங்களின் முன்னேற்றமாகக் காட்டப்படுவது இயல்பு. அந்த எண்ணிக்கையில் உஸ்மானியா குறைவைக்கவில்லை. அம்மொழியில் பயின்றவர் எந்த வீட்டிலிருந்து வந்தார், பட்டத்தோடு எங்கே வேலை பெற்றார், அதே மொழியில் புதிய ஆய்வு எழுதினாரா என்ற மூன்று கணக்குகளும் திட்ட அறிக்கையில் இடம்பெறாதவரை, எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும் அடுத்த ஆட்சி மாற்றத்தைத் தாங்கும் வலிமை அதற்கு வாராது.