வாராக்கடனும் வங்கி லாபமும்: சேர்வராயன் மலைக் காப்பிக் கடன்

அசலோ வட்டியோ கெடு தாண்டியும் திரும்பாத கடன், வாராக்கடன். பொதுவான கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்துள்ள கெடு 90 நாள். பயிர்க்கடனுக்கு அது சாகுபடிப் பருவத்தை ஒட்டியது. சேலம் மாவட்டம் ஏற்காட்டைச் சுற்றிய சேர்வராயன் மலைக்கு இந்தச் சலுகை அவசியம். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் அறிமுகப்படுத்திய காப்பியே இங்கு முதன்மைப் பயிர். மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்தால்தான் காய் பிடிக்கும். பழம் பறித்துக் காசு பார்க்க நவம்பருக்கு மேல் ஆகும். மழையோ விலையோ காலை வாரினால் தவணை நிற்கும். ஊடுபயிரான மிளகு ஓரளவுதான் தாங்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டத்துக்கு 10 சதவீத வட்டியில் 10 லட்சம் ரூபாய் கடன் என்று கொள்வோம். வங்கி அப்பணத்தை 6 சதவீதத்துக்கு டெபாசிட்டாகத் திரட்டியிருந்தால் ஆண்டுக்கு 40,000 ரூபாய் மிச்சம். கடன் வாராக்கடனானதும் வராத வட்டியை வருமானமாக எழுத முடியாது. முன்பே எழுதிய, கைக்கு வராத வட்டியையும் கழிக்க வேண்டும். டெபாசிட்தாரருக்கு 60,000 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும். இதோடு, ஈடுள்ள கடனுக்கு முதலில் 15 சதவீதம், அதாவது 1.5 லட்சம், லாபத்திலிருந்து ஒதுக்க வேண்டும். ஆக, ஒரு கடன் கெட்டால் ஐந்து நல்ல கடன்களின் மிச்சம் கரைந்துவிடுகிறது. தேக்கம் நீண்டால் ஒதுக்கீடு 25, 40 என்று ஏறி 100 சதவீதத்தில் முடியும். பின்னாளில் வசூலானால் ஒதுக்கியது லாபத்துக்குத் திரும்பும்.

1989இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. அதன் பின் ஆட்டம் கண்ட உலக விலை 2001-02 வாக்கில் அடிமட்டம் தொட்டது. வங்கிகள் பழைய பாக்கிகளைச் சிறப்புக் காப்பிக் கடனாக மாற்றித் தவணையை நீட்டின. 2010இல் மத்திய அரசு சிறு காப்பி விவசாயிகளுக்கென நிவாரணத் திட்டம் அறிவித்தது: பாக்கியில் பாதியை, 5 லட்சம் ரூபாய் வரம்புக்குள், அரசு ஏற்கும், கால் பங்கை வங்கி தள்ளுபடி செய்யும். அந்தக் கால் பங்கு வங்கியின் நேரடி நட்டம்தான். 'அரசுத் தள்ளுபடி' என்னும் பேச்சில் இது பெரும்பாலும் மறைந்துபோகிறது.

இருந்தும், சிறு தோட்டக்காரரின் பாக்கி ஒரு வங்கியைச் சாய்த்துவிடாது. பெருநிறுவனக் கடன்களே சாய்த்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015இல் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கை என்னும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது. 2019-20இல் அதன் நட்டம் 8,527 கோடி ரூபாய். மறு ஆண்டு 831 கோடி லாபம் காட்டி, 2021 செப்டம்பரில் அக்கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது.