இருபத்தைந்தாயிரம் டாலர்

1965இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு கன்னியாஸ்திரீக்கு 25,000 டாலர் நல்கை வழங்கியது. இரண்டு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் தொகை. 'இளநிலைக் கல்விக்கான கற்பித்தல் கருவிகள்' என்பது அதன் நோக்கம். பெற்றவர் சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர். அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரில் அவருடைய சபை நடத்திய கிளார்க் கல்லூரியில், பெண்களுக்கான கல்லூரி அது, அதே ஆண்டு கணினி அறிவியல் துறையைத் தொடங்கியவர். இன்று அது கிளார்க் பல்கலைக்கழகம்.

கெல்லரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த நல்கையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1965 ஜூன் 7 அன்று, 51ஆம் வயதில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண். இது உண்மை, கொண்டாட வேண்டியதும்கூட. ஆனால் இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கதையும் வருகிறது: 1958இல் ஆண்கள் மட்டுமே படித்த டார்ட்மவுத் கல்லூரிக்குள் நுழைந்து பேசிக் கணினி மொழியை உருவாக்க உதவினார் என்று. பேசிக் முதன்முதலாக ஓடியது 1964 மே 1 அன்று. அதை வடிவமைத்தவர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும். 1958இல் அந்த மொழியே இல்லை. ஒரு பெண்ணின் பெருமையை நிறுவ, ஆண்கள் செய்த ஒன்றில் அவளுக்குப் பங்கு தேடித் தரும் அவசரம் நமக்கும் இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். அவர் தாமே செய்தது கண்முன் இருக்கும்போது எதற்கு அது?

அவர் செய்தது, பணம் தேடியது.

அன்றைய நிலவரத்தைப் பார்க்க வேண்டும். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியல் கல்விக்குப் பணம் பாயத் தொடங்கியது, பயத்தின் பெயரால். பாய்ந்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் பிறந்த பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டம், முப்படைகளின் பணத்தில் இயங்கிய ஆய்வகத்துக்குள் உருவானது. அங்கே கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்குள்ளேயே பணம் இருந்தது. 1967இல் ஜான் பியர்ஸ் தலைமையிலான குழு குடியரசுத் தலைவரிடம் அளித்த அறிக்கை, போதுமான கணினி வசதி கிடைத்தவர்கள் மொத்தக் கல்லூரி மாணவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு, அவர்களும் ஒரு சில வசதியான நிறுவனங்களில் படிப்பவர்கள் என்றது.

இந்த வரிசையில் ஒரு சிறிய பெண்கள் கல்லூரிக்கு இடம் எது? ஆய்வு நிதிக்கு இல்லினாயோடு மோதி அது வெல்ல முடியாது. கெல்லரின் நல்கைத் தலைப்பை மறுபடி படியுங்கள்: ஆய்வு என்ற சொல்லே அதில் இல்லை. கற்பித்தல், இளநிலை, கருவி. திறந்திருந்த கதவு அதுதான்.

25,000 டாலர் பெரிய தொகையா? ஐபிஎம் 1620 என்ற சிறிய கணினியின் மாத வாடகை 1,600 டாலர் அளவில் இருந்த காலம். இரண்டு ஆண்டு வாடகை 38,400 ஆகிறது. நல்கை அதற்கே போதாது. 1965இல் வெளியான பிடிபி-8 மலிவு என்று எல்லோரும் வியந்தார்கள், விலை 18,000. மின்சாரம், அறை, பழுதுபார்ப்பு, சொல்லித்தரும் ஆள் எல்லாம் தனி. போதாததற்கு, அறக்கட்டளையின் இவ்வகைக் கருவித் திட்டங்கள் பொதுவாகக் கல்லூரியும் தன் பங்கை ஈடாகப் போட வேண்டும் என்று கேட்டவை.

கன்னியாஸ்திரீ கல்லூரி எங்கிருந்து போடும்? பணக்கார முன்னாள் மாணவர்கள் விட்டுச்சென்ற வைப்புநிதி ஆண்கள் கல்லூரிகளிடம் இருந்தது. இவர்களிடம் இருந்தது கன்னியாஸ்திரீகள் வாங்காத சம்பளம். அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்லூரிகள் அதற்குப் பெயரே வைத்திருந்தன: 'உயிருள்ள வைப்புநிதி'. கணக்கேட்டில் அது வரவாக எழுதப்பட்டது. பெண்களின் கூலியில்லா உழைப்பைக் கணக்கில் எழுதிய இடங்கள் வரலாற்றில் குறைவு. எழுதியபோதும் கூலி கொடுப்பதற்காக எழுதவில்லை. நம் ஊர்க் கன்னியாஸ்திரீ கல்லூரிகளில் படித்தவர்களுக்கு, விடுதியையும் வகுப்பையும் அலுவலகத்தையும் ஒரே சிஸ்டர் பார்த்துக்கொண்ட நினைவு இருக்கலாம்.

நல்கையின் காலம் முடிந்த பிறகும் துறை முடியவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள், 1985 ஜனவரியில் இறக்கும் காலம்வரை, கெல்லரே அதை நடத்தினார். தனித்தனியாகப் பணம் தேடிக் களைத்த சிறு கல்லூரிகள் ஒன்றுசேர்ந்தால் என்ன என்ற கேள்விக்கும் அவர் கைகொடுத்தார். கல்வித் துறையில் சிறு கணினிகளைப் பயன்படுத்துவோர் சங்கத்தை நிறுவ உதவியவர்களில் அவரும் ஒருவர். 1968இல் ஐபிஎம் 1130 வைத்திருந்த கல்லூரிகளின் குழுவாகத் தொடங்கியது அது. ஒரு கல்லூரி எழுதிய நிரல் இன்னொன்றுக்குப் பயன்பட்டால், அதை இரண்டாம் முறை எழுதவோ வாங்கவோ பணம் தேட வேண்டாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வந்த தாய்மார்களும் அவர் வகுப்பில் இருந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவர இடமில்லை என்றால், தூக்கிக்கொண்டே வரச் சொன்னார்.