சிபாரிசும் வினாத்தாளும்

வங்கி அதிகாரி வேலைக்குத் தேர்வெழுதப் போகும் இளைஞனின் மேசையைப் பாருங்கள். கணக்குப் புத்தகம் இருக்கிறது; ஆங்கில இலக்கணம் இருக்கிறது; பழைய வினாத்தாள்களின் கட்டு இருக்கிறது. வரலாறு மட்டும் அங்கே இல்லை. அந்த வினாத்தாள் அவன் கைக்கு வந்து சேர எத்தனை கதவுகள் தட்டப்பட்டன, எத்தனை தலைமுறைகள் வாசலில் காத்துக் கிடந்தன என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. பள்ளியிலே பாடம் நடத்தும் நாம் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலே பதவி ஒரு பரிசுப் பொருள். இயக்குநர் கைகாட்டிய பிள்ளைக்குப் பட்டாடை. அவர் அறியாத பிள்ளைக்கு அடைத்த கதவு. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அந்தச் சலுகையைப் பறித்தது. 1855இல் சிவில் சர்வீசுக்கு முதல் போட்டித் தேர்வு நடந்தது. எங்கே? லண்டனிலே! கதவு திறந்தது, கதவுக்கும் நமக்கும் நடுவே கடல் கிடந்தது. கப்பற் கட்டணம் ஒரு பூட்டு. இலத்தீனும் கிரேக்கமும் மற்றொரு பூட்டு. அவற்றையும் மீறி 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார். பிறகு மூன்றாவது பூட்டும் வந்தது: 1878இல் வயது வரம்பு 19ஆகக் குறைக்கப்பட்டது. இந்திய மண்ணிலும் அத்தேர்வு நடக்க 1922 வரை, அதாவது 67 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தேர்வு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் நீதி பிறந்துவிடாது. எந்த ஊரில் நடக்கிறது, எந்த வயதில் எழுதலாம், எந்த மொழியில் கேட்கிறார்கள் என்ற மூன்றிலேதான் நீதியும் அநீதியும் ஒளிந்திருக்கின்றன.

சென்னை மாகாணம் இதை முன்பே உணர்ந்தது. 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உரிமைக்கான முதல் ஆணையைப் பிறப்பித்தது. எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, 1928இல், அது முழு வடிவில் நடைமுறைக்கு வந்தது. 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. அரசு அலுவலகத்தின் கதவு இப்படித் திறந்தது.

வங்கியின் கதவோ மூடியே கிடந்தது. இந்தியன் வங்கி 1907இலும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இலும் தோன்றியபோது அவை தனியார் நிறுவனங்கள். அக்காலத் தனியார் வங்கிகளில் வேலைக்கு வழி பெரும்பாலும் உறவு, அறிமுகம், சிபாரிசு. ஊராரின் பணம் உள்ளே போகலாம். ஊராரின் பிள்ளை உள்ளே போவது அரிது!

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. 1969இல் 8,200க்குச் சற்று மேலாக இருந்த கிளைகள் 1990இல் ஏறத்தாழ 60,000 ஆயின. கிளை பெருகியபோது ஆள் வேண்டியிருந்தது. ஆளெடுக்க முறை வேண்டியிருந்தது. வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் பிறந்தன. 1975இல் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஐ.பி.பி.எஸ். அமைப்பு 1984இல் தனி நிறுவனமாயிற்று. 2011 முதல், ஸ்டேட் வங்கி நீங்கலான பொதுத்துறை வங்கிகளுக்கு அதுவே பொது எழுத்துத் தேர்வை நடத்துகிறது. 1990இல் அறிவிக்கப்பட்டு, 1992இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 1993இல் நடைமுறைக்கு வந்த 27 விழுக்காட்டு இடஒதுக்கீடு, பிற்படுத்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் அந்த வாயிலிலே இடம் வகுத்தது.

ஒரு பூட்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடத்த 2021இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதிகாரித் தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இந்தி பேசும் ஊரின் மாணவன் கணக்கையும் தருக்கத்தையும் தாய்மொழியிலே படிக்கிறான். நம் மாணவன் கேள்வியை முதலில் மொழிபெயர்த்து, பிறகு விடை தேடுகிறான். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடங்களுக்கு 100 கேள்விகள். ஒன்றுக்கு 36 நொடி. அந்த 36 நொடியில் சிலவற்றை மொழிக்கென்று கொடுத்துவிட்டு ஓடுவது சமமான ஓட்டமா? எழுத்தருக்குப் பொருந்திய நியாயம் அதிகாரிக்குப் பொருந்தாமற் போவது எப்படி? கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.

கேட்டுக்கொண்டே படிக்கவும் வேண்டும். பூட்டு உடையும் வரை வாசலில் உட்கார்ந்திருக்க வயது காத்திராது. 20 முதல் 30 வரை என்பதே பொது வரம்பு.

படிக்குமுன் ஒரு மாயையைக் களைவோம். "நேரம் கூடி வந்தால் கிடைக்கும்" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். கேள்விக்கு ஐந்து விடைகள். அவற்றில் ஒன்று சரி. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். நூறு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 20 சரி, 80 தவறு. இருபது வரும், எண்பதில் கால், அதாவது இருபது, போகும். மிச்சம் பூஜ்யம்! அதிர்ஷ்டத்தின் முழு விலை அதுவே. ஜாதகத்துக்குச் செலவிடும் காசில் பழைய வினாத்தாள் வாங்குவது மேல்.

பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாதவன் என்ன செய்வான்? நம் முன்னோர் சிற்றூர் தோறும் படிப்பகங்கள் கண்டார்கள். ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவரும் கேட்டு உலகறிந்தார்கள். அந்தப் படிப்பகத்திலே மாலைக்கு ஒரு வினாத்தாள், கையில் ஒரு கடிகாரம், சுற்றிலும் பத்து இளைஞர்கள் என்று இன்றே தொடங்கலாம். ஆங்கிலம் தெரிந்தவன் ஆங்கிலம் சொல்லட்டும். வட்டியும் விகிதமும் தெரிந்தவன் அதைச் சொல்லட்டும். தேறியவன் திரும்பி வந்து அடுத்தவனுக்குச் சொல்லட்டும். ஆசிரியர்களாகிய நாம் மாலையில் ஒரு மணி நேரம் தருவோம்.

பணம் கட்டுவதற்காக வங்கிப் படியேறிய பாட்டன் வெளியே வரிசையில் நின்றான். அவன் பேத்தி உள்ளே அதிகாரியாக அமரட்டும். அவள் முன்னால் கடன் கேட்டு வந்து நிற்கும் உழவனிடம், அவனுக்குப் புரியும் தமிழிலே அவள் பேசட்டும்.