சாம்பியன் ரீப்ஸ்: ஓர் ஊர்ப்பெயரின் சொல்வரலாறு

கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலில், சுரங்கப் பணிக்கெனப் பெயர்ந்து வந்த தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று சாம்பியன் ரீப்ஸ். அயற்சொல்லாலான இப்பெயர் ஊர்ப்பெயராய்வில் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ரீப்’ என்பதன் மூலம் வடகடற்பகுதி மொழிகளில் உள்ளது. பழைய நார்சு மொழியில் ‘ரிஃப்’ என்பது விலா எலும்பையும், விலாப்போல் கடலில் நீண்டு கிடக்கும் மேட்டையும் குறித்தது. டேனிய மொழியில் இதன் வழிவந்த ‘ரெவ்’ இன்றும் கடலடி மணல்மேட்டையும் பாறைத்திட்டையும் சுட்டும் நிலவியற் சொல்லாகும். விலா எலும்பைச் சுட்ட அங்கு ‘ரிப்பென்’ என்னும் கூட்டுச்சொல் வழங்குகிறது. டச்சு மாலுமியர் வழக்கின் வாயிலாக இச்சொல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது.

கடற்சொல் நிலத்திற்கு ஏறியது 1850-களில் ஆகும். ஆஸ்திரேலியப் பொன்வயல்களில், அரிப்புக்கு ஈடுகொடுத்து நிலத்தின்மேல் துருத்தி நின்ற வெண்கற் படிவுகளைப் பொன் தேடியோர் இச்சொல்லால் அழைத்தனர். நியூசிலாந்துப் போரில் பங்கேற்ற மைக்கேல் லவேல் 1875-இல் மைசூர் அரசிடம் கோலாரில் தோண்டும் உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குத் தொழிலில் ஈடுபட்டது. கார்ன்வால் சுரங்கத்தார் வழக்கில் ‘சாம்பியன்’ என்பது கிளைப்படிவுகளினின்றும் வேறுபட்ட தலைமைப் படிவைக் குறிக்கும். கோலாரின் முதன்மைப் பொற்படிவு நிலவியலாரால் இவ்வடையுடனேயே சுட்டப்பெறுவது இங்குக் கருதத்தக்கது. ஆகவே இப்பெயரில் ‘சாம்பியன்’ வெற்றியாளரைக் குறிப்பதாகக் கொள்ளுதல் பொருந்தாது. ‘தலைமைப் பொற்படிவுகள்’ என்பதே பொருந்தும் பொருளாகும்.

இத்தகைய பொருட்பெயர்ச்சி தமிழுக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித்திட்டு ‘பார்’ எனப்படும். அச்சொல்லே நிலத்துப் பாறையையும் குறிக்கும். எனினும் கோலாரில் தமிழர் இப்பெயரை மொழிபெயர்த்துக்கொள்ளவில்லை. ஆங்கிலப் பன்மை விகுதியையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி, அதனைத் தம் ஊர்ப்பெயராக்கிக் கொண்டனர்.

ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. படிவைத் தொடர்ந்து தோண்டிய தொழில் நின்றது; படிவின் பெயர் ஊரின்மேல் நின்றது. அதன் பொருளை மீட்பது, அவ்வாழத்தில் உழைத்தோர் வரலாற்றின் ஒரு பகுதியை மீட்பதாகும். பெயரின் மொழி அயலதாயினும், அதனை வழங்கிக் காத்தோர் தமிழர். ஆதலின் தமிழ் ஊர்ப்பெயராய்வில் அதற்கு உரிய இடம் உண்டு என்பது இக்கட்டுரையின் முடிபு.