ஆறு பிராணிகளின் பெயர்: ஒரு கைப்பாவையும் அதிகாரத்தின் மொழியும்

சீனத்துக் குழந்தைப் பேரரசன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவன் பூயிதான். 1908இல் இரண்டு வயதில் சிம்மாசனத்தில் தூக்கி உட்காரவைக்கப்பட்டவன். 1912இல் முடி துறந்தவன். பின்னால் மஞ்சூரியாவில் ஜப்பானியரின் பொம்மையாக இருந்தவன். பெர்த்தலூச்சியின் படம் (1987) அவனை உலகறியச் செய்துவிட்டது. ஆனால் பூயிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. தன் கதையைத் தன்மையில் சொல்லும் ஒரு புத்தகத்தை அவன் விட்டுப்போக முடிந்தது. அவனுக்குப் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னால், ஏறத்தாழ அதே வயதில், அதே காரியத்துக்காகத் தூக்கப்பட்ட இன்னொருவன் உண்டு. லியூ யிங் என்று பெயர். அவனைப் பற்றி ‘ஹான் ஷு’ என்னும் வரலாற்றுப் பிரதி தருகிற ஒரே அந்தரங்கச் செய்தி, அவனுக்கு என்ன சொல்லத் தெரியாது என்பதுதான். இக்கட்டுரை அந்தத் ‘தெரியாது’ பற்றியது.

முதலில் கதைச் சுருக்கம். கி.மு. 1இல் ஹான் பேரரசன் ஆய் வாரிசில்லாமல் இறந்தான். மூத்த பேரரசி வாங் ஜெங்ஜுன் தன் சகோதரன் மகனான வாங் மாங்கிடம் நிர்வாகத்தைக் கொடுத்தாள். பிங் என்ற எட்டு வயதுச் சிறுவன் பேரரசன் ஆக்கப்பட்டான். பையனின் தாயைத் தலைநகருக்குள் விடவில்லை. கி.பி. 4இல் வாங் மாங் தன் மகளையே அவனுக்குக் கட்டிவைத்தான். கி.பி. 6இன் தொடக்கத்தில் பிங் செத்துப்போனான். இப்போது அடுத்த ஆள் வேண்டும். முன்னாள் பேரரசன் ஸுவானின் கொள்ளுப்பேரன்களில் சிற்றரசர்கள் 5 பேர், பிரபுக்கள் 48 பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாக முடியாது என்று சாத்திரம் பேசி, அத்தனை பேரையும் வாங் மாங் தள்ளிவிட்டான். சொல்லப்போனால் அவர்கள் செய்த ஒரே குற்றம் வளர்ந்துவிட்டிருந்தது. அடுத்த தலைமுறையில் ஆகக் கடைசிக் குழந்தையாகப் பார்த்து எடுத்தான். நிமித்தம் பார்த்ததில் இவனுக்குத்தான் நல்ல பலன் வந்தது என்று காரணம் சொல்லப்பட்டது. சீனக் கணக்கில் இரண்டு வயது. நம் கணக்கில் ஒன்று.

இந்தக் குழந்தையின் பெயரான ‘யிங்’ என்பதற்கே கைக்குழந்தை என்றுதான் பொருள். அவனுக்குத் தரப்பட்ட பட்டம் ‘ரூசி’. அதற்கும் சின்னப்பிள்ளை என்றுதான் அர்த்தம். அவனைப் பேரரசனாக்கவில்லை, பட்டத்து இளவரசன் என்றுமட்டும் அறிவித்தார்கள். வாங் மாங் தன்னைப் ‘பதில் பேரரசன்’ என்று அழைத்துக்கொண்டான். ஆகப் பெயரும் பட்டமும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: இவன் சிறுவன், இவனால் ஆகாது. ஆளைக் குறிக்க வேண்டிய பெயர் இங்கே அவனுடைய இயலாமையைக் குறிக்கிறது. பெயர் இருக்கிறவரைக்கும் அந்த இயலாமையும் இருந்தாக வேண்டும்.

‘ரூசி’ என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. அதற்கு ஒரு மூலப்பிரதி இருந்தது. ஜோ அரசன் வூ இறந்தபோது அவன் மகன் செங் சிறுவன். சிற்றப்பனாகிய ஜோ கோமகன் அவனுக்குப் பதிலாக ஆண்டு, ஏழாண்டுகளுக்குப் பிறகு ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தான் என்பது கன்பூசிய மரபின் புனிதக் கதை. மரபின் செவ்விலக்கியத்தில் கோமகன் அந்தச் சிறுவனை விளிக்கிற சொல்தான் ‘ரூசி’. வாங் மாங் இந்தக் கதையாடலுக்குள் தன்னை வைத்துக்கொண்டான். கி.பி. 7இல் ஜாய் யி என்ற ஆளுநர், பிங்கை நஞ்சூட்டிக் கொன்றவன் நீ என்று குற்றஞ்சாட்டிப் படை திரட்டியபோது, வாங் மாங் செய்தது என்ன? குழந்தையை அன்றாடம் இடுப்பில் தூக்கிக்கொண்டு அமைச்சர்கள் முன்னால் நின்றான். கோமகன் கதையைத் திரும்பச் சொன்னான். அறிக்கையைக்கூடப் பழைய நூலின் நடையிலேயே எழுதினான். பையன் வளர்ந்ததும் ஆட்சியைக் கொடுத்துவிடுவேன் என்றான். கலகம் அடக்கப்பட்டது. குழந்தையின் உடம்பு அந்த நாட்களில் முத்திரை குத்தின பத்திரம் மாதிரி பயன்பட்டது.

ஆனால் எந்தக் குழந்தையும் வளரும். அதுதான் சிக்கல். கி.பி. 8இன் கடைசியில் ஆய் ஜாங் என்ற ஒருவன் ஒரு செப்புப் பெட்டியைக் கொண்டுவந்து ஹான் வம்ச முதல்வனின் கோயிலில் ஒப்படைத்தான். வாங் மாங்தான் மெய்யான பேரரசன் என்ற தெய்வ ஆணை அதில் இருந்தது. அமைச்சர்களாக வேண்டிய 11 பேரின் பட்டியலும் இருந்தது. பட்டியலில் ஆய் ஜாங்கின் பெயரும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் சும்மா இட்டுக்கட்டிச் சேர்த்த இரண்டு பெயர்களுக்கு ஆள் தேடினார்கள். கிடைத்தவர்களில் ஒருவன் நகர வாயில் அலுவலகச் சிப்பந்தி, இன்னொருவன் தெருவில் பலகாரம் விற்றவன். இரண்டு பேரும் தளபதிகள் ஆனார்கள். முதலில் பெயர், பிறகுதான் ஆள் என்ற இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

கி.பி. 9 ஜனவரியில் ‘ஸின்’ அதாவது ‘புதிது’ என்ற வம்சம் அறிவிக்கப்பட்டது. முத்திரையைக் கேட்டு ஆள் அனுப்பியபோது மூத்த பேரரசி அதைத் தரையில் வீசியெறிந்தாள். அவளுக்காவது கோபப்பட ஒரு மொழி இருந்தது. சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு வாங் மாங் அழுதான். கோமகனால் திருப்பிக் கொடுக்க முடிந்தது, எனக்கோ வானத்தின் கட்டளை குறுக்கே நிற்கிறதே என்று வெகுநேரம் புலம்பினான். பிறகு பையனைப் படியிறக்கி, வடக்கு நோக்கி நிற்கவைத்து, தன்னைக் குடிமகன் என்று சொல்லவைத்தார்கள். கூடியிருந்த அதிகாரிகள் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்களாம். அந்த அழுகை பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் சொல்லாடலைத் தானே முழுசாக நம்புகிறவன் அழத்தான் செய்வான். அழுதுகொண்டே காரியத்தையும் முடிப்பான்.

பட்டம் போனவனுக்கு ‘டிங்ஆன் கோமகன்’ என்ற பதவி கிடைத்தது. தலைநகர் சாங்ஆனில் ஓர் அரசு அலுவலகத்தை அவனுக்கு மாளிகையாக மாற்றினார்கள். வாசலில் காவல். பால் கொடுத்து வளர்க்கும் செவிலி அவனோடு பேசக் கூடாது என்று உத்தரவு. நான்கு சுவருக்குள்ளேயே வளர்ந்தான். ஆளான பிறகும் ஆறு வளர்ப்புப் பிராணிகளின் பெயரைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஆறு: குதிரை, மாடு, ஆடு, கோழி, நாய், பன்றி. பிறகு வாங் மாங் தன் பேத்தியை அவனுக்கு மணம் முடித்துவைத்தான்.

இதே வாங் மாங் பெயர்களின்மேல் பெரும் பித்துக் கொண்டவன். பதவிகளின் பெயரை மாற்றினான். ஊர்களின் பெயரை மாற்றினான். ஒரே மாவட்டத்துக்கு ஐந்து தடவைகூடப் பெயர் மாறியதாம். யாருக்கும் எதுவும் பிடிபடாமல் போக, ஒவ்வோர் ஆணையிலும் பழைய பெயரையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. பெயர்கள் ஒழுங்கானால் உலகம் ஒழுங்காகும் என்ற கன்பூசியக் கருத்தை அவன் அளவுக்கு அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. உலகத்துக்கே பெயர் சூட்டியவன்தான் ஒரு குழந்தைக்குக் கோழியின் பெயர் கிடைக்காமல் பார்த்துக்கொண்டான். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். பெயரிடும் உரிமை ஓரிடத்தில் குவிய வேண்டுமென்றால், வேறோர் இடத்தில் பெயர் சொல்லவும் முடியாத ஒருவன் உருவாக்கப்பட்டாக வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள் சற்று நிதானிக்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் வாங் மாங் வெறும் அபகரிப்பாளன் இல்லை. அதே கி.பி. 9இல் நிலமெல்லாம் ‘அரச நிலம்’, அதை வாங்கவோ விற்கவோ கூடாது என்றான். அடிமைகளுக்கு வேறு பெயர் கொடுத்து, அவர்களையும் வாங்கவோ விற்கவோ கூடாது என்றான். ஓர் அடிமையைக் கொன்றதற்காகத் தன் சொந்த மகனையே முன்பு தற்கொலை செய்துகொள்ள வைத்தவன் அவன். 1920களில் ஹூ ஷி அவனை ஒரு சோஷலிஸ்ட் என்று எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெருநிலக்காரர்களின் எதிர்ப்பில் கி.பி. 12இல் இந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. இந்தச் சீர்திருத்தங்களை ஒரு பக்கமும் நான்கு சுவரை இன்னொரு பக்கமும் வைத்து, ‘நல்லது பாதி, கெட்டது பாதி’ என்று கணக்குப் பார்ப்பது எளிது. ஆனால் அடிமைக்குப் புதுப் பெயர் வைத்ததும் சிறுவனுக்குப் ‘பிள்ளை’ என்று பட்டம் கொடுத்ததும் ஒரே தர்க்கத்தில்தான் நடந்தன. இரண்டிலும் பேசுகிறவன் ஒருவன், பேசப்படுகிறவன் வேறொருவன். அடிமையிடமும் யாரும் கேட்கவில்லை, சிறுவனிடமும் கேட்கவில்லை. மற்றவருக்காகப் பேசுவது அவர் வாய் திறக்காமல் இருப்பதைப் பொறுத்தே நடக்கும்போது, நல்ல நோக்கமும் சுவர் எழுப்பத்தான் செய்கிறது.

பிராணிகள் பற்றிய பேச்சில் இன்னொரு விஷயம். கி.பி. 2இல் ‘ஹுவாங்ஜி’ என்ற தூர தேசத்திலிருந்து உயிருள்ள ஒரு காண்டாமிருகம் ஹான் அரசவைக்கு வந்தது. தன் பெருமையைப் பரப்ப விரும்பிய வாங் மாங், அந்நாட்டு அரசனுக்கு நிறையப் பரிசுகள் அனுப்பி இதை வரவழைத்தான் என்று ‘ஹான் ஷு’வே சொல்கிறது. இந்த ஹுவாங்ஜி நம் காஞ்சிபுரம் என்பது ஆய்வாளர் சிலர் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், கடல் கடந்து ஒரு காண்டாமிருகம் வந்து சேர்ந்த அதே தலைநகரத்தில்தான் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறுவன் நாய் என்று சொல்லத் தெரியாமல் வளர்ந்தான். காண்டாமிருகம் வந்தது மிருகமாக அல்ல, அறிகுறியாக. பிள்ளையும் அப்படித்தான்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? ‘ஹான் ஷு’வை எழுதிய பான் கு (இறப்பு கி.பி. 92), மீண்டும் வந்த ஹான் வம்சத்தின் குடிமகன். வாங் மாங்கைக் கொடியவனாகக் காட்டுவது அவனுடைய பிரதிக்குத் தேவை. ‘ஆறு பிராணிகள்’ என்ற விவரம் அந்தத் தேவைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். அதைவிட முக்கியமானது, பான் குவின் பேரரசர் வரலாறுகள் பிங்கோடு நின்றுவிடுகின்றன. லியூ யிங்குக்குத் தனி அத்தியாயம் கிடையாது. அவன் கதை வாங் மாங்கின் கதைக்குள்ளேதான் வருகிறது. வாங் மாங்கைக் கண்டிக்கிற பிரதியிலும் அவன் வாங் மாங்கின் வீட்டிலேயே அடைபட்டிருக்கிறான்.

முடிவும் அப்படியே ஆயிற்று. கி.பி. 23இல் கலகக்காரர்கள் சாங்ஆனுக்குள் நுழைந்து வாங் மாங்கைக் கொன்றார்கள். கதவு திறந்தது. கி.பி. 25இல் ஃபாங் வாங், கோங் லின் என்ற இருவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் லின்ஜிங் என்ற ஊரில் சில ஆயிரம் பேர் நடுவே பேரரசன் என்று அறிவித்தார்கள். அப்போது சாங்ஆனை ஆண்ட கெங்ஷியும் லியூ குலத்தவன்தான். அவன் அனுப்பிய படை வந்து எல்லோரையும் கொன்றது. லியூ யிங்குக்கு இருபது வயதிருக்கலாம். அதே ஆண்டு இன்னொரு லியூ பேரரசனாகி, ஹான் வம்சத்தை மீட்டதாகப் பேரெடுத்தான். சிறைவைத்தவன், விடுவித்தவர்கள், கொன்றவன், எழுதியவன் என்று எல்லோருக்குமே அவன் ஒரு பெயராகத்தான் தேவைப்பட்டான்.

விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வி இங்கே பொருந்துமா? லியூ யிங் அரச ரத்தம், விளிம்புநிலையினன் அல்ல. ஆனால் அந்த உத்தரவை இன்னொரு தடவை படித்துப் பார்ப்போம். ‘பேசாதே’ என்று சொல்லப்பட்டது குழந்தைக்கு அல்ல, செவிலிக்கு. அவளுக்குப் பேசத் தெரியும். ஆறு பிராணிகளின் பெயரும் அவளுக்கு நிச்சயம் தெரியும், அவற்றில் சிலவற்றை வளர்த்தும் இருப்பாள். ஒரு பேரரசு தன் கைப்பாவையைச் செய்துமுடிக்க, கூலிக்கு வந்த ஒரு பெண்ணின் வாயை வருஷக்கணக்கில் மூடிவைக்க வேண்டியிருந்தது. அவள் பெயரைப் பான் கு எழுதவில்லை. சிறுவனின் மௌனத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நானும் கட்டுரையின் கடைசியில்தான் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். மக்கள் பெயரால், தொழிலாளி பெயரால், பெண்கள் பெயரால் எழுதுகிற நாம், எந்த அறையில் யாருக்குப் பேசாதே என்று உத்தரவு போட்டிருக்கிறோம் என்பதைப் பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் அவள்தான்.