முப்பதாண்டு காத்திருந்த கருத்து

நேயர்களே, நம் கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஒரே மரபுச் சுவடியைத் தாங்கியவை. எனினும் ஒன்று ஒளியை உணர்கிறது. மற்றொன்று பித்தநீரைச் சுரக்கிறது. சுவடி ஒன்றாயிருக்க, படிக்கப்படும் ஏடுகள் வேறாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு 1964ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கூறப்பட்டது. அறிவியல் உலகம் அதனைச் செவிமடுக்க முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி அடுக்கினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டு உட்கருவினுள் அடங்கியுள்ளன. இழையும் புரதமும் சேர்ந்த இப்பொதியே குரோமாட்டின். ஊர்விட்டு வந்த நம்மவர் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள்: இறுகக் கட்டிய பெட்டியிலுள்ள பொருள் இருந்தும் கைக்கு எட்டாது. ஹிஸ்டோனை 1884இல் ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோசல் கண்டறிந்தார். பின்னர் நெடுங்காலம் அதனை வெறும் கட்டுக்கயிறாகவே பலரும் கருதினர்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் ஆல்ஃப்ரே அவ்வாறு கருதவில்லை. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, கதிரியக்கமுள்ள அசிட்டேட்டை அவற்றுக்கு அளித்தார். அசிட்டைல் என்னும் சிறு தொகுதி ஹிஸ்டோன்களில் சென்று ஒட்டியது. வெறும் ஹிஸ்டோன் ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுத்தது, அசிட்டைல் ஒட்டிய ஹிஸ்டோனின் தடையோ வெகுவாகத் தளர்ந்தது. அப்படியாயின் இக்கட்டு வேண்டும்போது தளர்ந்து, மீண்டும் இறுகக்கூடியதாகலாம் அன்றோ? இதுவே அவர் துணிந்து முன்வைத்த கருத்து.

ஆனால் அந்நாளில் அறிஞர்தம் கண்ணெல்லாம் பாக்டீரியாவின்மேல் இருந்தது. 1961இல் ஜாக்கோபும் மோனோவும் அதில் மரபணு அடங்கி இயங்கும் முறையை விளக்கிப் புகழ் பெற்றிருந்தனர். அவர்கள் ஆராய்ந்த ஈ. கோலை பாக்டீரியாவிலோ ஹிஸ்டோனே கிடையாது! தவிர, அசிட்டைலை ஒட்டும் நொதியையும் அகற்றும் நொதியையும் இனங்காட்டி, அவற்றுக்கும் மரபணு இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவ எவராலும் இயலவில்லை. ஒட்டியதால் மரபணு இயங்கிற்றா, இயங்கியதால் ஒட்டிற்றா என ஐயுற்றோரை நான் குறைகூற மாட்டேன்.

விடை ஒரு குளத்துநீர் உயிரியிடமிருந்து வந்தது. டெட்ராஹைமினா என்னும் அவ்வோரணு உயிரிக்கு உட்கரு இரண்டு. பெரியதில் மரபணுக்கள் ஓயாது இயங்கும், அசிட்டைலும் மிகுதி. சிறியது உறங்கிக் கிடக்கும். 1996இல் ராச்செஸ்டரில் டேவிட் ஆலிஸ் குழுவினர் பெரிய உட்கருவிலிருந்து ஒட்டும் நொதியைப் பிரித்தனர். ஈஸ்டில் மரபணுக்களை இயக்குவதாக முன்னரே அறியப்பட்டிருந்த புரதத்துக்கு அது நெருங்கிய உறவாயிருந்தது! சில வாரங்களிலேயே ஹார்வர்டின் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர் அகற்றும் நொதியை வெளியிட்டனர். அதுவும் ஈஸ்டில் மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதமொன்றின் இனமே. ஐயம் அகன்றது.

அகற்றும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்னும் மருந்து, தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது.